பர்த்டேவுக்கு ஒரு சிலந்தி பார்சல்!

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பேப்பரில் இரண்டாவது பக்கம்கூடப் புரட்டவில்லை, காலிங் பெல் அடித்தது. எங்கள் ஃப்ளாட்டின் மூன்றாவது மாடிக்காரர். கையில் செல்போன். முகத்தில், பெண்ணுக்கு வரன் பார்க்கிற தகப்பனின் கவலை.

“சார், நீங்கதான் கண்டதையும் படிக்கிற ஆளாச்சே. ஒரு சந்தேகம். பையனுக்கு அடுத்த மாசம் பர்த்டே. பத்து வயசு ஆகுது. டாரன்டுலா வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறான். முதல் டாரன்டுலாவா எதை வாங்கலாம்?”

எட்டுக் கால் பிராணிக்காக ஒற்றைக் காலில் நிற்கும் பையனை நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. செல்போனில் மூன்று போட்டோ காட்டினார். “இது மெக்ஸிகன் ரெட் நீ. முட்டியில ஆரஞ்சு பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கு பாருங்க. இது சிலி நாட்டு ரோஸ். இது கர்லி ஹேர், சுருட்டை முடி. மூணுமே பிகினர்ஸுக்குத்தானாம். ரொம்ப சாதுவாம். மெதுவா வளருமாம். இருபது வருஷம் இருக்குமாம்.”

“உங்க வீட்டுல என்ன சொல்றாங்க?”

“அவகிட்ட இன்னும் சொல்லலை சார்.”

காபி கொடுத்து, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன். இந்தப் பக்கம்தான் பதில். அவர் இந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறவர் இல்லை. என் வீட்டுப் பிரதியைத்தான் எடுத்துப் போவார். எப்படியும் படித்துவிடுவார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சிலந்திக்கு எதிரி இல்லை. பையனுக்கும் எதிரி இல்லை. பத்து வயதில் எட்டுக்கால் பூச்சியைப் பார்த்து “ஐயோ” என்று கத்தாமல் “அட!” என்று கிட்டே போகிற குழந்தை லட்சத்தில் ஒன்று. அப்படி ஒரு பிள்ளை வாய்த்ததற்கு அந்த அப்பா சந்தோஷப்படலாம். என் சண்டை முழுக்க அந்த ‘முதல்’ என்ற வார்த்தையோடுதான்.

சரி, அவருக்குக் கிடைத்த யோசனை தப்பா? இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் டாரன்டுலா வளர்ப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். புதிதாக வருகிறவருக்கு அவர்கள் சொல்வதும் இதைத்தான். தரையில் வாழ்கிற வகையாக எடு. நிதானமாக நகர்கிறதாகப் பார். அமெரிக்கக் கண்டத்து வகை என்றால் விஷம் குறைவு. ஆசியாவின் மரத்தில் வாழும் வகைகள் பக்கமே போகாதே. மின்னல் மாதிரி ஓடும், கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் வாட்டும். எல்லாம் அனுபவத்தில் சொன்ன வார்த்தைகள். நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தப் பட்டியலை மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். சாது. மெதுவாக வளரும். நீண்ட ஆயுள். குழந்தைக்கு ஏற்றது என்று சொல்லப்படும் இந்த மூன்று குணமும் சேர்ந்துதான் அந்தச் சிலந்தியைக் காட்டில் காலி செய்தன.

எப்படி என்று கேட்கிறீர்களா?

மெக்ஸிகோவின் பசிபிக் கரையோரம் வளை தோண்டி வாழ்கிறது இந்த ரெட் நீ. சாதுவாக இருப்பதால் பிடிப்பது சுலபம். பார்க்க அழகு, அதனால் விலை போகும். பெண் சிலந்தி வயதுக்கு வர ஆறேழு வருஷம், சமயங்களில் அதற்கும் மேல் ஆகும். ஒரு வளையிலிருந்து ஒரு பெண்ணைத் தூக்கினால் அந்த இடத்தை இன்னொன்று நிரப்பப் பல வருஷம். வருஷா வருஷம் தூக்கிக்கொண்டே இருந்தால்? அப்படித்தான் தூக்கினார்கள். செல்லப் பிராணி வியாபாரத்துக்காகப் பெட்டி பெட்டியாகப் போனது. 1985-லேயே இதை ‘சைட்டிஸ்’ என்கிற உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் நாடு விட்டு நாடு போகக்கூடாது என்று அர்த்தம். ஒரு சிலந்திக்கு பாஸ்போர்ட் தேவைப்படுகிற அளவுக்கு மனிதனின் ஆசை போயிருக்கிறது.

இனி வீட்டுக்குள் வந்த பிறகு நடக்கப்போவதைப் பார்ப்போம்.

நாய் வாலாட்டும். பூனை வேண்டும்போது உரசும். கிளி பெயர் சொல்லும். டாரன்டுலா என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. மண் போட்ட கண்ணாடிப் பெட்டியில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். திங்கட்கிழமை இருந்த இடத்திலேயே வியாழக்கிழமையும் இருக்கும். எட்டுக் கண் இருந்தும் பார்வை மந்தம். அதன் உலகம் முழுக்க அதிர்வுதான்; கால் முடிகளால் தரையைக் ‘கேட்டு’ வாழ்கிற ஜீவன். பையன் ஆசையாகக் கண்ணாடியைத் தட்டினால் அதற்கு அது கொஞ்சல் இல்லை, அபாய மணி. கையில் ஏந்தினால் ஏந்தியது ஆதித்யாவா ஆலமரமா என்று அதற்குத் தெரியாது. பையன் பயந்து கையை உதறினால் தீர்ந்தது. இரண்டு மூன்று அடி உயரத்திலிருந்து விழுந்தாலே அடிவயிறு வெடித்துச் செத்துப் போகலாம். அவ்வளவு மெல்லிய பை அது.

“சாது, கடிக்காது” என்றார் மாடிக்காரர். சரி, கடிக்காது என்றே வைத்துக்கொள்வோம். அமெரிக்க வகைகளுக்கு இன்னொரு ஆயுதம் இருக்கிறது. பயந்தால் பின்னங்காலால் அடிவயிற்று முடியைத் தேய்த்துக் காற்றில் பறக்கவிடும். கண்ணுக்குத் தெரியாத முள் முடி. தோலில் பட்டால் அரிப்பு. கண்ணில் பட்டால்? இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் ஒருவர் தன் செல்லச் சிலந்தியின் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முடி கண்ணில் பாய்ந்தது. சிவப்பும் நீரும் வாரக்கணக்கில் நிற்காமல் போக, கண் டாக்டர்கள் உருப்பெருக்கியில் பார்த்தபோது கருவிழியில் ஊசி ஊசியாகக் குத்தி நின்றது. 2010-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழிலேயே இந்தக் கேஸ் வெளியானது. அவர் வளர்த்தது எந்த வகை தெரியுமா? மாடிக்காரர் காட்டிய இரண்டாவது போட்டோ. சிலி ரோஸ். பிகினர்ஸ் ஸ்பெஷல்!

பெட்டியைத் துடைத்தவர் வளர்ந்த ஆள். நம் பையனுக்குப் பத்து வயது. கை கழுவாமல் கண்ணைக் கசக்குகிற வயது.

அடுத்தது ஆயுள். பெண்ணாக இருந்தால் இருபது வருஷம், அதற்கு மேலும். ஆணாக இருந்தால் வயதுக்கு வந்து ஒன்றிரண்டு வருஷத்தில் கதை முடிந்துவிடும். குட்டியாக வாங்கும்போது சாதாரணக் கண்ணுக்கு ஆணா பெண்ணா தெரியாது. ஆக, வாங்குவது ஐந்து வருஷப் பொறுப்பா, இருபத்தைந்து வருஷப் பொறுப்பா என்று வாங்குகிறவருக்கே தெரியாது. இருபது வருஷம் என்றே கணக்குப் போடுங்கள். ப்ளஸ் டூ வரும். நீட்டோ ஜே.இ.இ.யோ வரும். ஹாஸ்டல் வரும். வேலை வரும், வேறு ஊர் வரும், கல்யாணம் வரும். பெண் பார்க்கப் போகிற இடத்தில் “பையன்கிட்ட என்ன இருக்கு?” என்று கேட்டால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும்.

அதுவரை அதற்கு யார் சாப்பாடு போடுவது? உயிருள்ள சிள்வண்டு வேண்டும். சிள்வண்டை வேறு டப்பாவில் வளர்க்க வேண்டும். அது ராத்திரி முழுக்கக் கத்தும். தின்னாமல் விட்ட சிள்வண்டை வெளியே எடுக்க வேண்டும். ஏனென்றால், சிலந்தி தோலுரிக்கும்போது மல்லாந்து படுத்துக் கிடக்கும்; அந்த நேரத்தில் உடம்பு வெண்ணெய் மாதிரி. பெட்டியில் சிள்வண்டு இருந்தால் இரையே வேட்டைக்காரனைக் கடித்துத் தின்றுவிடும். மல்லாந்து கிடப்பதைப் பார்த்து “செத்துடுச்சு” என்று குப்பையில் போட்டவர்களும் உண்டு.

இதையெல்லாம் யார் பார்த்துக்கொள்வார்கள்? முதல் மாதம் பையன். இரண்டாவது மாதம் அப்பா, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். மூன்றாவது மாதத்திலிருந்து, இன்னும் விஷயமே சொல்லப்படாத அந்த அம்மா. நம் வீடுகளில் வண்ணமீன் தொட்டிக்கும், முயலுக்கும், கலர் கோழிக்குஞ்சுக்கும் இதுதானே நடந்தது? கலர் கோழிக்குஞ்சாவது ஒரு வாரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். இது உட்கார்ந்திருக்கும்.

‘முதல்’ என்ற வார்த்தை மேல் எனக்குக் கோபம் ஏன் என்றால் இதனால்தான். முதல் சைக்கிள் என்றால் சரி. சின்னதாகிப் போனால் பழைய இரும்புக்காரனுக்குப் போடலாம். முதல் டாரன்டுலா என்று சொல்லும்போதே இரண்டாவது, மூன்றாவது இருக்கிறது என்றாகிறது. அப்போது முதலாவது என்னவாகும்? ஒரு உயிர் பையனுக்குப் பயிற்சிப் புத்தகமா?

*

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மாடிக்காரருக்கு விற்கிற ஆள், “பேப்பர் எல்லாம் எதுக்கு சார், கூரியர்ல வந்துடும்” என்றாராம்.

கூரியரில் வருவது எப்படி என்று எனக்குத் தெரியும். 2021 ஜூலையில் சென்னைக்குப் போலந்திலிருந்து ஒரு தபால் பார்சல் வந்தது. தென் மாவட்டத்து ஊர் ஒன்றின் முகவரி. விமான நிலைய சுங்க அதிகாரிகள் சந்தேகப்பட்டுப் பிரித்தார்கள். உள்ளே வெள்ளிக் காகிதமும் பஞ்சும் சுற்றிய 107 பிளாஸ்டிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் உயிருள்ள ஒரு சிலந்தி. ரெட் நீயின் சொந்தக்கார இனங்களும் அதில் இருந்தன. இறக்குமதி உரிமம் இல்லை, சுகாதாரச் சான்று இல்லை. வந்த வழியே போலந்துக்குத் திருப்பி அனுப்ப ஒப்படைத்தார்கள். மெக்ஸிகோ வம்சம், போலந்து வழி, தமிழ்நாட்டு முகவரி, மறுபடி போலந்து. மாத்திரை டப்பா சைஸ் குப்பிக்குள் அந்த ஜீவன் சுற்றிய தூரத்தை நம்மில் பலர் ஏரோப்ளேனில்கூடச் சுற்றியிருக்க மாட்டோம்.

அப்போது சட்டத்தில் ஓட்டை இருந்தது. வெளிநாட்டு உயிரினம் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால், நம் வனவிலங்குச் சட்டம் கண்டுகொள்ளாது. 2022 திருத்தம் அந்த ஓட்டையை அடைத்தது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிரினங்களுக்கென்று நம் சட்டத்திலேயே தனி அட்டவணை வந்துவிட்டது. 2024-ல் வந்த விதிகளின்படி, அப்படிப்பட்ட உயிரை வைத்திருப்பவர் அரசாங்கத்திடம் பதிவு செய்ய வேண்டும். குட்டி போட்டால் சொல்ல வேண்டும், செத்தால் சொல்ல வேண்டும், கை மாறினால் சொல்ல வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதற்கே ஆறுமுறை அலைந்த மனிதர் நம் மாடிக்காரர்.

“அதெல்லாம் யாரு சார் வந்து பார்க்கப் போறா?” என்பார். யாரும் பார்க்க மாட்டார்கள்தான். பையன் பார்ப்பான். இயற்கையை நேசிக்கக் கற்றுக்கொடுக்கிற பரிசு ஒரு கள்ளப் பார்சலில் வந்தது என்பதை ஒருநாள் அவன் கண்டுபிடிப்பான்.

*

இப்போது ஒரு கேள்வி. பையனுக்கு மெக்ஸிகோ சிலந்தியின் முட்டிக் கலர் தெரியும். ராமேஸ்வரத்துச் சிலந்தியைத் தெரியுமா?

தெரியாது. அவன் அப்பாவுக்கும் தெரியாது. ஒப்புக்கொள்கிறேன், ரொம்ப நாள் எனக்கும் தெரியாது. ராமேஸ்வரம் தீவில் மரப் பொந்துகளில் வாழ்கிறது ஒரு டாரன்டுலா. 2004-ல்தான் அறிவியல் உலகம் அதற்குப் பெயர் வைத்தது. ஊரில் உள்ள அனுமார் கோயிலின் பெயரைச் சேர்த்து ‘பொசிலோதெரியா ஹனுமவிலாசுமிகா’. தோப்புகள் குறையக் குறைய அதன் வீடும் குறைகிறது. அற்றுப்போகும் அபாயத்தின் கடைசிப் படியில் இருப்பதாக உலகப் பட்டியல் சொல்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரிலும் இதைக் கண்டிருக்கிறார்கள்.

சென்னையிலிருந்து மும்பைக்கு ரயிலில் போகிறவர்கள் குண்டக்கல்லுக்கு முன்னால் ‘கூட்டி’ என்ற ஆந்திர ஸ்டேஷனைத் தாண்டுவார்கள். அந்த ஊரின் பேரை வைத்துக்கொண்டு ஒரு நீலச் சிலந்தி உலகம் முழுக்கச் சுற்றுகிறது. மயில் கழுத்து நீலம். 1899-ல் கூட்டியில் கிடைத்த ஒன்றை வைத்து விவரித்தார்கள். அதன் பிறகு நூறு வருஷம் கண்ணில் படவில்லை. 2001-ல் நந்தியால் – கித்தலூர் காட்டில் மறுபடி கண்டார்கள். இன்று அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எத்தனையோ படுக்கையறைகளில், கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கிறது. அதன் சொந்தக் காடு, நூறு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான ஒரே ஒரு துண்டு.

இலங்கையில் மாங்குளம் பக்கத்தில், யுத்தம் முடிந்த 2009-ல் ஊர்க்காரர் ஒருவர் செத்துப்போன பெரிய சிலந்தி ஒன்றை ஆராய்ச்சியாளர்களிடம் கொண்டுவந்து காட்டினார். கால் விரித்தால் இருபது சென்டிமீட்டர். யாரும் அறியாத புது இனம் அது. பிறகு பெயர் சூட்டினார்கள். இந்தக் குடும்பம் முழுவதையும் 2019-ல் சைட்டிஸ் பட்டியலில் சேர்த்தார்கள். அப்படிச் சேர்க்கச் சொல்லிக் கேட்ட நாடுகளில் ஒன்று இலங்கை.

நம் ஊர் மரத்துச் சிலந்தி அங்கே பெட்டியில். அவர்கள் ஊர் வளைச் சிலந்தி இங்கே பார்சலில். இரண்டு ஊர்க் குழந்தைக்கும் தன் ஊர்ச் சிலந்தி தெரியாது. இதற்குப் பெயர் இயற்கை ஆர்வமாம்!

எதிர்வாதம் எனக்குத் தெரியும். “வெளிநாட்டில் பண்ணையிலேயே முட்டை பொரித்து வளர்த்துத்தானே விற்கிறார்கள்? காட்டிலிருந்து எடுப்பதில்லையே?” நியாயமான கேள்வி. ஒரு முட்டைப் பையில் நூற்றுக்கணக்கில் குஞ்சு பொரிக்கும். ஒழுங்காக வளர்த்து, ரசீதோடு விற்கிறவர்கள் உண்டு. அப்படி ஒரு நாட்டில், சட்டம் அனுமதித்தால், ஒரு பெரியவர் “இது என்னுடைய பொறுப்பு, இருபது வருஷத்துக்கு, பையன் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்” என்று வாங்கினால், எனக்கு ஒரு வார்த்தை சொல்வதற்கில்லை. பெட்டிக்குள் கை விடாமல், கையில் எடுத்து வித்தை காட்டாமல், பார்க்க மட்டும் வளர்த்தால் அது பெரிய பாடம்கூட. ஆனால் “பையனுக்கு பர்த்டே கிஃப்ட்” என்று சொல்லி வாங்குகிற நிமிஷமே பொறுப்பு பத்து வயதுத் தோளில் ஏறிவிடுகிறது. அந்தத் தோளால் முடியாது. முடியாமல் போனால் அது குழந்தையின் தப்பும் இல்லை.

*

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பையனை வரச் சொன்னேன். வந்ததும், “தாத்தா, நீங்க வேணாம்னு சொல்லப் போறீங்களா?” என்றான். புத்திசாலி.

“வா, முதல்ல இதைப் பாரு” என்று மீட்டர் ரூமுக்குக் கூட்டிப்போனேன். மெயின் ஸ்விட்ச் பலகைக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி, தட்டையாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புச் சிலந்தி. எல்லார் வீட்டிலும் விளக்குமாற்றால் அடி வாங்குவது இதுதான். வலை கட்டாது. ராத்திரி கரப்பான் பூச்சி வேட்டை. வாடகை இல்லாத வாட்ச்மேன். இதன் வயிற்றுக்குக் கீழே வெள்ளையாக வட்ட வில்லை ஒன்று ஒட்டியிருந்தது.

“அது என்ன தாத்தா?”

“முட்டைப் பை. வாரக்கணக்குல இப்படியே தூக்கிட்டுத் திரியும்.”

பையன் பத்து நிமிஷம் அசையவில்லை. பிறகு மாடிச் சுவரில் ஈயைத் துரத்தும் குட்டிச் சிலந்தியைக் காட்டினேன். விரலை நீட்டினால் ஓடாமல், திரும்பி நம்மை நிமிர்ந்து பார்க்கும் ஜாதி அது. கீழே செம்பருத்திச் செடியில் வலை நடுவே கோணல்மாணலாக வெள்ளைத் தையல் போட்டு உட்கார்ந்திருப்பது இன்னொன்று. பையன் நோட்டில் மூன்றையும் வரைந்தான். நான் ஒரு பூதக்கண்ணாடி கொடுத்தேன். பர்த்டே கிஃப்ட், அட்வான்ஸாக.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் பிள்ளை சிலந்தி கேட்டால் திட்டாதீர்கள். கடைக்கும் போகாதீர்கள். விளக்குமாற்றைக் கீழே வையுங்கள், அது போதும். ஏற்கெனவே வீட்டில் குடியிருப்பதை முதலில் அறிமுகம் செய்துவையுங்கள். ராமேஸ்வரம் போனால் இருபத்திரண்டு தீர்த்தத்தோடு, அந்தத் தீவில் ஓர் அபூர்வ ஜீவன் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். பார்க்கக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. இருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பதே பாதி காவல்.

இதை எழுதி முடித்துக் கவரில் போடும்போது காலிங் பெல். மாடிக்காரர்.

“சார், பையன் மனசு மாறிட்டான். டாரன்டுலா வேணாமாம். ரொம்ப தேங்க்ஸ்.”

“பரவாயில்லையே!”

“ஆமா சார். அது இருக்கட்டும்... முதல் இக்வானாவா எதை வாங்கலாம்?”